கேக்கின் மேல் முதல் பக்கம்

செப்டம்பர் 8, திங்கள்

கேக் வெனிலாதான் என்று இன்று முடிவாயிற்று. இரண்டு மணி நேர விவாதம். சாக்லேட் தரப்பு கண்ணியமாகத் தோற்றது. இந்த அமெரிக்க ராணுவத் தளத்தின் வரலாற்றை யாராவது எழுதினால் இந்த நாளை விட்டுவிடக் கூடாது.

ஜப்பானின் இந்த ஒகினாவாத் தீவுக்கு நம் பத்திரிகை வந்து எண்பது வருடமாம். ராணுவத்தின் காசில், ராணுவக் குடும்பங்களுக்காக, ஆனால் எந்தத் தளபதியும் உள்ளே கை வைக்க முடியாதபடி சட்டம் போட்டு நடத்தப்படும் பத்திரிகை. அதற்குப் பாராட்டு விழா. தள நூலகர் என்பதால் நானும் குழுவில் இருக்கிறேன்.

பத்திரிகையின் முதல் பக்கத்தை, தின்னக்கூடிய மையில், கேக் மேல் அச்சிடுவது என்றும் முடிவு. எண்பது வருடங்களில் நல்லதாக ஒரு பக்கம் தேடித் தருகிறேன் என்றேன். விழாப் பொறுப்பாளர் கேப்டன் பிரிட்சர்ட் ஒத்துக்கொள்ளவில்லை.

"பழசு வேணாம் மேடம். செத்தவங்களுக்குப் படம் மாட்டின மாதிரி இருக்கும். விழா அன்னைக்குக் காலைல என்ன பக்கம் வருதோ, அதையே போடுவோம்."

கைதட்டல். பேக்கரிக்கு எழுத்து மூலம் உத்தரவு போய்விட்டது. இங்கே எழுத்தில் போன உத்தரவை நிறைவேற்றுவார்கள். திரும்பப் படிக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 11

மாடி வீட்டு டெலீலா ஹோகன் கூப்பிட்டாள். கணவன் கொரியாவில் பயிற்சியில். இவளும் ஏழு மாதக் குழந்தை வெஸ்லியும் மட்டும். தொட்டிலை நகர்த்திக் காட்டினாள். பின்சுவர் முழுக்கக் கறுப்பாக, ஈரமாக, மயிர் முளைத்த மாதிரிப் பூஞ்சை. குழந்தை மூச்சு விடும்போது விசில் அடிக்கிறது.

வீட்டுவசதி அலுவலகம் ஒரு பாட்டில் பிளீச்சும் ஒரு கையேடும் தந்திருக்கிறது. முதல் பக்கம்: ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். இரண்டாம் பக்கம்: ஏசி ஓடும்போது ஜன்னல்களை மூடி வையுங்கள். வெளியே புயல் எச்சரிக்கை.

"மூணு தடவை வந்துட்டாங்க நோரா. ஒவ்வொரு தடவையும் பெயிண்ட் அடிச்சிட்டுப் போறாங்க. பூஞ்சைக்குப் புதுச் சட்டை போட்டுவிடுற மாதிரி."

அந்த அறையில் குழந்தையைப் படுக்க வைக்காதே என்றாராம் டாக்டர். எந்த அறையில் படுக்க வைப்பது? நாலு அறையும் அதே லட்சணம். வேறு வீடு தந்தால்தான் உண்டு. தர மாட்டேன் என்கிறார்கள்.

செப்டம்பர் 15

பத்திரிகையிலிருந்து நிருபர் பெல்லாமி வந்தாள். என்னிடம் அடிக்கடி பழைய இதழ்கள் கேட்டு வருகிறவள். நான்தான் சொல்லி அனுப்பினேன். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். படம் எடுத்தாள். டெலீலாவிடம், "பேரைப் போடலாமா? யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

"என்ன யோசிக்கறது? எட்டு மாசமா பேரைப் போட்டுத்தான் புகார் குடுக்கறேன். எவனும் படிக்கல. நீங்க போட்டாவது படிப்பான்."

செப்டம்பர் 16

நிருபர் வந்துபோனது அதற்குள் தெரிந்துவிட்டது. டெலீலாவின் கணவனை அவன் மேலதிகாரி கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பெண்டாட்டியை அடக்கி வை என்று. கொரியாவிலிருந்தபடியே அடக்க வேண்டுமாம். ச்சீ.

செப்டம்பர் 18

தளத்தின் தளபதி கர்னல் தேயர் விழாவில் வாசிக்கப்போகும் உரையைத் திருத்தித் தரச் சொல்லி பிரிட்சர்ட் நூலகத்துக்கே வந்தார். அதில் 'அச்சமற்ற குரல்' மூன்று இடத்தில் வருகிறது. ஒன்றை அடித்தேன். தாளை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அந்தப் பெல்லாமி உங்களுக்குப் பழக்கமாமே. பூஞ்சைக் கட்டுரையை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்களேன். தடையெல்லாம் இல்ல மேடம், அது சட்டவிரோதம். சும்மா ஒரு வேண்டுகோள். விழா நேரத்துல அசிங்கமா இருக்கும்ல?"

எது அசிங்கம் என்று கேட்டேன்.

"நேரம்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து ரஸ்ஸலிடம் சொன்னேன். என் கணவருக்கு இருபது வருட சர்வீஸ். வாயில் டாக்கோ ரைஸோடு, "நீ புத்தகத்தை அடுக்கு நோரா" என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "குழந்தை எப்படி இருக்கு?" என்றார்.

செப்டம்பர் 20

வேண்டுகோளை அப்படியே பெல்லாமியிடம் ஒப்பித்தேன், கேப்டனின் குரலிலேயே. சிரித்தாள்.

"கேக்குக்காகப் பின்னாடி தள்ளவும் மாட்டோம், முன்னாடி இழுக்கவும் மாட்டோம். டாக்டர் பேசினதும் வரும். கேக் என்ன, சாக்லேட்டா?"

வெனிலா என்றேன்.

"அட போங்க."

செப்டம்பர் 23

வெஸ்லி ஆஸ்பத்திரியில். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். டெலீலாவின் கதவு வாசலில் இன்னொரு பாட்டில் பிளீச். யாருடா நீங்க? மனுஷங்கதானா? இதுக்கு மேல எழுத வரல.

செப்டம்பர் 25, வியாழன்

ஆஸ்பத்திரி டாக்டர் நேற்று பெல்லாமியிடம் பேசினார். இன்று காலை வந்துவிட்டது, முதல் பக்கத்தில், மேல் பாதி முழுக்க. 'தொட்டிலுக்குப் பின்னால்' என்று தலைப்பு.

பத்து மணிக்கு விழா. கொடி, பேண்டு, பதக்கங்கள். அச்சமற்ற குரல், இரண்டு முறை. கர்னல் பெல்லாமியிடம் விருதுக் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, ராணுவ வழக்கப்படி கேக் வெட்ட வாளை உருவினார். பேக்கரிக்காரர் துணியை விலக்கினார்.

டெலீலாவின் சுவர். நாலு வண்ணத்தில், மேசை அகலத்துக்கு. உத்தரவில் என்ன இருந்ததோ அதைச் செய்திருந்தார். கறுப்பு மிகத் துல்லியமாக வந்திருந்தது.

பேண்டு வாசித்துக்கொண்டே இருந்தது. வாளை உருவினால் வெட்டாமல் உறையில் போட இங்கே வழி கிடையாது. "ஓரமா வெட்டுங்க சார், ஓரமா" என்று பிரிட்சர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஓரத்தில் டாக்டரின் பேட்டி இருந்தது. கர்னல் நடுவிலேயே வெட்டினார்.

முறைப்படி முதல் துண்டு சபையில் மூத்தவருக்கு. ஓய்வு பெற்ற சார்ஜென்ட் அவர், தொண்ணூறு வயது, காது மந்தம். தட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"இது யார் வீட்டுச் சுவர் கர்னல்?"

"சாப்பிடுங்க சார்."

"யார் வீடுன்னு கேட்டேன்."

ஊர்ப் பத்திரிகையாளர்கள் படம் எடுத்தார்கள். பெல்லாமி தன் துண்டைப் பொறுமையாகத் தின்று முடித்தாள். "பூஞ்சை கொஞ்சம் தித்திப்பு" என்று என் காதில் சொன்னாள். கேடயத்தை நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போனாள். போன இடம் ஆஸ்பத்திரி.

செப்டம்பர் 30

எங்கள் கட்டிடத்தில் எல்லோரையும் விருந்தினர் விடுதிக்கு மாற்றுகிறார்கள். காரணம்: முன்பே திட்டமிட்ட பராமரிப்பு. டெலீலாவுக்கும் அதே காரணம்தான். எட்டு மாதம் யார் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள்?

அக்டோபர் 3

வெஸ்லி வந்துவிட்டான். அவனுடைய விடுதி அறைச் சுவரை ரஸ்ஸலே போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

அக்டோபர் 6

விழா பற்றிய மறுஆய்வுக் கூட்டம். இனி எந்த விழாவிலும் கேக்கின் மேல் எழுத்தோ படமோ இருக்காது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

மதியம் பக்கத்துக் கட்டிடத்திலிருந்து மூன்று பெண்கள் நூலகத்துக்கு வந்து, பெல்லாமியின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு போனார்கள்.