மூன்றாம் நாள் திறந்த தண்ணீர்

மார்ச் 12, 2024. செவ்வாய்

பெரகலைக்குக் கீழே எங்கள் தோட்டத்து ஓடை மெயின் ரோட்டைக் கடக்கிற இடம். அங்கிருந்த பழைய குழாய் மதகை இன்று உடைத்து எடுத்தோம். ரோட்டு இலாகா சார்பில் மேற்பார்வை நான். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் ஹெல்மெட் போட்டு நிற்பதை வேடிக்கை பார்க்க எத்தனை பேர். வேலைவெட்டி இல்லையா இவர்களுக்கு?

குழாயின் வாய் ஓடைக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் இருந்தது. கல்லில் ஒட்டி ஒட்டி ஏறும் சின்ன மீன்கள் அதைத் தாண்ட முடியாமல் கீழ்க் குட்டையிலேயே கிடக்கின்றன. மீன் கணக்கெடுக்க பண்டாரவளையிலிருந்து வருகிற ஹம்ஸியா அறுபத்துமூன்று எண்ணினாள். "மிச்சம் இவ்வளவுதான் தயானி. இதுவும் மேல ஏறலன்னா முடிஞ்சுது."

மார்ச் 19

புதிய மதகின் தளத்துக்குக் கொங்கிரீட் போட்டாயிற்று. மீன் தங்கித் தங்கி ஏற ஓடைக் கற்களை என் கையாலேயே பதித்தேன். மணல் மூட்டை அடுக்கி ஓடையை மறித்து, தண்ணீரைக் குழாய் வழியே சுற்றிக் கீழே விட்டிருக்கிறோம். "பத்து நாளைக்கு இந்தத் தளத்துல தண்ணி ஓடக் கூடாது. புது சீமெந்துத் தண்ணி மீனுக்கு நஞ்சு," என்றாள் ஹம்ஸியா. எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதிப் பாஸானவள் நான்.

மார்ச் 21

நாளை கோயிலில் கரகம். அப்பாதான் கோயில் தலைவர். கரகத்தைச் சோடித்துப் பூசை பண்ணிப் பாலிப்பது எப்போதும் மதகு வாயில் இருக்கிற பாறையில், ஓடுகிற தண்ணீரில். இப்போது அங்கே ஒரு சொட்டு இல்லை.

"அரை மணித்தியாலம் விடு தயா. நம்ம புள்ள பொறுப்புல இருந்தும் அம்மனுக்குத் தண்ணி இல்லன்னா, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க."

முடியாது என்றேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மார்ச் 22. வெள்ளி

திறந்தேன். நாற்பது நிமிடம். பிறகு நானே மூட்டைகளைத் திரும்ப அடுக்கினேன். அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை. நாற்பது நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

மார்ச் 23

எல்லாம் செத்துப் போச்சு.

குட்டை முழுக்க வெள்ளை வயிறு. ஹம்ஸியா முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அழுதாள். நேற்று அவள் இங்கே இல்லை; தண்ணீர் திறந்தது அவளுக்குத் தெரியாது. "யாரோ மருந்துத் தொட்டியக் கழுவியிருக்காங்க," என்றாள்.

நேற்று மத்தியானம் புவனேந்திரன் அண்ணன் ஓடையில் தொட்டியைக் கழுவினார். தேயிலை மலையில் களைநாசினி அடிக்கிறவர். நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். நான் தண்ணீர் திறந்ததைத் தோட்டமே பார்த்தது. ஆனால் சீமெந்துத் தண்ணி நஞ்சு என்று தெரிந்தவள் தோட்டத்தில் நான் ஒருத்திதான். வாயைத் திறக்கவில்லை. ஏன்டி திறக்கல? பயம். வேறென்ன.

மார்ச் 27

காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும்போது, புவனேந்திரன் அண்ணன் பேரைக் கூப்பிடவில்லையாம். தோட்டத்து ஒபிஸில் வேலையை நிறுத்திவிட்டார்கள். மூன்று பிள்ளைகள்.

ஏப்ரல் 2

ஹம்ஸியாவிடம் சொன்னேன். "நீயா?" என்றாள். மீன் கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

எங்கள் ஒபிஸுக்கும் தோட்டத்து ஒபிஸுக்கும் கடிதம் கொடுத்துவிட்டேன். அப்பா கேட்டார்: "அம்மனுக்குத் தண்ணி விட்டுத்தான் மீன் செத்துச்சுன்னு எழுதிட்டியா?"

"இல்லப்பா. நான் விட்டதுனால செத்துச்சுன்னு எழுதினேன்."

எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 18

என்னைப் பதுளையில் சாமான் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். புவனேந்திரன் அண்ணனைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்களாம். அப்பாடா. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

ஒக்டோபர் 20. ஞாயிறு

நல்ல மழை. ஹம்ஸியா கணக்கெடுக்க வருகிறாள் என்று பதுளையிலிருந்து வந்தேன். ஓடை மதகுக்குள் கற்களைச் சுற்றிச் சுற்றி அமைதியாக ஓடுகிறது. இதைவிட நல்ல மதகு நான் கட்டப்போவதில்லை. ஹம்ஸியா மேலேயும் கீழேயும் தேடினாள். ஒன்றுகூட இல்லை. அவள் என்னோடு பேசினாள், வேலைக்குத் தேவையான அளவுக்கு.

பிறகு லயத்துக்குப் போனேன். புவனேந்திரன் அண்ணனின் மனைவி பாக்கியலெட்சுமி அக்கா கதவைத் திறந்தார். "அந்த நாள்லருந்து இவரு மீனே வாங்கிறதில்ல தங்கச்சி. கருவாடுகூட வேணாங்கிறாரு. அத்தன உசிரக் கொன்னுட்டேன்னு அம்மன்கிட்ட சொல்லிச் சொல்லி அழுவுறாரு."

உள்ளேயிருந்து வந்த அண்ணனிடம் நின்ற இடத்திலேயே எல்லாம் சொன்னேன். சீமெந்து, மூன்றாம் நாள், நாற்பது நிமிடம். நீங்க கொல்லல, நான்தான் கொன்னேன் என்று மூன்று தடவை சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "கங்காணி அப்பவே சொன்னாருங்க, நீங்க காயிதம் குடுத்தீங்கன்னு. எனக்கு வேல திரும்பக் கெடைக்கத்தானே உங்க மேல போட்டுக்கிட்டீங்க. தொட்டியக் கழுவுனது நான். எனக்குத் தெரியாதா?"

"இல்லண்ணே. சத்தியமா."

"எனக்காகச் சத்தியம் பண்ணாதீங்க தங்கச்சி."

பிள்ளைகள் மூன்று பேரையும் கூப்பிட்டு என் காலில் விழச் சொன்னார். விழுந்தார்கள்.