நீர் கோடு போடாத பதினெட்டாம் பக்கம்

போன கிழமை உம்முடைய மனைவி ஒரு பை நிறையக் கடுதாசிகளைக் கொண்டுவந்து தந்தார். "இவர் சேர்த்து வைச்ச குப்பை. எறிய மனம் வரேல்லை. உங்களுக்குத்தான் விளங்கும்" என்றார். விளங்கத்தான் செய்தது. மேலேயே கிடந்தது அந்தப் போட்டோகொப்பிக் கட்டு: செசெல் என்ற பிரெஞ்சு ஆற்றங்கரைச் சிற்றூரின் வரலாறு. நாம் இருவரும் கோப்பை கழுவிய ஜெனீவா உணவகத்தின் எண்ணெய் வாடை இன்னும் அதில் இருக்கிறது. வரிக்கு வரி பென்சில் கோடு. பதினேழாம் பக்கத்தின் அடியில் கோடு நின்றுவிடுகிறது. பதினெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு தாளைப் புரட்ட உமக்கு என்ன, கை உளைந்ததா?

அந்த ஊரைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் எல்லாம் எனக்குத் தெரியும், உம்முடைய புண்ணியத்தில். ஜெனீவாவை விட்டுப் போகும் ரோன் ஆறு மலையிடுக்குகளையும் அணைகளையும் தாண்டி அங்கே போய்த்தான் கொஞ்சம் அகலுகிறது. கழுவுதொட்டிக்குப் பக்கத்து மேசையில் சவர்க்கார நுரையால் அதை எத்தனை தரம் கீறிக் காட்டியிருப்பீர்!

"இது இடது கரை, இது வலது கரை. ரெண்டுக்கும் ஒரே பேர். ஆனால் ரெண்டு நகரசபை. விளங்குதோ?"

"விளங்குது. அந்தத் தட்டை இஞ்சாலை தாரும்."

விடமாட்டீர். மன்னர்கள் ஒப்பந்தம் போட்டு ஆற்றையே எல்லையாக்கினார்கள், வலது கரை பிரான்ஸ், இடது கரை சவோய், ஒரே ஊர் இரண்டு நாடாயிற்று என்பீர். நூறு வருடம் கழித்துச் சவோயும் பிரான்ஸோடு சேர்ந்த பிறகும் ஊர் ஒன்றாகவில்லை என்பீர். தெற்கிலிருந்து உப்பு ஏற்றிய படகுகள் அதுவரைதான் வருமாம். சமையல்காரர் கோப்பை கேட்டுக் கத்திக்கொண்டிருப்பார், நீர் உப்பு இறக்கிக்கொண்டிருப்பீர்.

ஏன் அந்த ஊர் என்பது எனக்குத் தெரியாமலில்லை. பாரிஸில் இருந்த தம்பியை நீர் பார்த்துப் பதினொரு வருடம். உம்மிடம் இருந்தது தற்காலிக அனுமதி அட்டை. அதோடு சுவிஸை விட்டு வெளியே போக முடியாது. தம்பியிடம் சுவிஸுக்குள் வர ஒரு கடுதாசியும் இல்லை. மற்றவர்கள் பொறுத்திரும் என்றார்கள். நீர் நூலகத்துக்குப் போனீர். ஒருநாள் பதினேழாம் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தீர். அந்த இடது கரைக்கும் சுவிஸின் நடுநிலைமை பொருந்தும் என்று முன்னொரு காலத்தில் வல்லரசுகள் எழுதிக் கொடுத்தனவாம்.

"அப்ப நான் வெளிநாடு போறேல்லை. இடது கரையாலை போய்ப் பாலத்தின்ரை நடுவிலை நிண்டு அவனைப் பாப்பன். அங்காலை ஒரு காலும் வைக்கமாட்டன்."

அகதி விண்ணப்பத்தில் ஏதோ ஒரு பந்தி, ஏதோ ஒரு உபபிரிவு வந்து காப்பாற்றும் என்று அகராதியும் கையுமாக வருடக்கணக்காய்க் காத்திருந்த எங்கள் ஆட்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். அதை நம்பிக் காரை எடுத்த முட்டாள் நான். என்னிடம் நிரந்தர அட்டை இருந்தது, அந்தத் தைரியம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லைச் சாவடியில் யாரும் நிற்பதில்லை. அன்றைக்கு நின்றார்கள். பிரெஞ்சு அதிகாரி உம்முடைய அட்டையை வாங்கினார். பேசாமல் இருந்திருக்கலாம். நீர் போட்டோகொப்பிக் கட்டை விரித்து, உமது அரைகுறைப் பிரெஞ்சில் வரலாறு சொல்லத் தொடங்கினீர். நான் தொடையில் கிள்ளியும் நிறுத்தவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தானே தாளைப் புரட்டிப் பதினெட்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். முதலாம் உலகப் போரோடு அந்த ஏற்பாடு முடிந்துவிட்டது என்று அங்கே அச்சடித்திருந்தது.

காரைத் திருப்பி, சுவிஸ் பக்கத்துப் பேருந்துத் தரிப்பில் உம்மை இறக்கினேன். இடியப்பமும் மீன்குழம்பும் இருந்த பையை என் மடியில் வைத்தீர். "நீர் போம். அவன் பாலத்திலை நிக்கிறான்."

போனேன். பாலத்தின் நடுத்தூணில் மாதா சிலை, அதன் கீழே உம்முடைய மூக்கோடு ஒருவன். "அண்ணை வரேல்லையோ?" என்றான். "எல்லையிலை மறிச்சுப்போட்டாங்கள்" என்றேன். அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். பையைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, திரும்பிவந்தேன்.

தரிப்பில் காரை நிறுத்திக் கதவைத் திறக்கவில்லை, தொடங்கிவிட்டீர்.

"ஆறு என்ன நிறம்? மாதா எந்தப் பக்கம் பாக்கிறா? உப்புத் துறை தெரியுதோ? அவன் எந்தக் கரையாலை ஏறி வந்தவன்?"

எனக்குக் கோபம் கொதித்தது. தம்பி சுகமா, மெலிந்துவிட்டானா என்று ஒரு சொல் இல்லை. "எனக்குத் தெரியாது. நான் என்ன, சுற்றுலாவோ போனனான்?" என்று கத்தினேன். அவன் நின்ற இடத்தை மனதுக்குள் சரியாக வைத்துப் பார்க்கத்தான் அத்தனையும் கேட்டீர் என்பது எனக்கு உறைக்கப் பல மாதம் பிடித்தது.

உம்முடைய பயணக் கடுதாசி வந்தபோது தம்பி உயிரோடு இல்லை. அதன் பிறகு எத்தனை தரம் கூப்பிட்டேன், வாரும், ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று. "ஆரைப் பாக்க?" என்பீர். அந்த ஊரைக் கண்ணால் காணாமலே நீரும் போய்விட்டீர்.

நான் உமக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அன்று பாலத்தில் உம்முடைய தம்பி பையைக் கீழே வைத்துவிட்டு என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தான். எங்கள் ஆம்பிளைகளுக்கு அது பழக்கமில்லை, நான் மரம்போல நின்றேன். "இதை அண்ணையிட்டைக் குடுங்கோ" என்றான். கொடுக்க வேண்டும் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். நீர் ஆற்றின் நிறத்தைக் கேட்டீர், நான் கத்தினேன். அதற்குப் பிறகு எட்டு வருடம் ஒரே தொட்டியில் முழங்கை இடிக்க நின்று கோப்பை கழுவினோம். ஒவ்வொரு நாளும் எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் தந்தது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இனி யாரிடம் கொடுக்கச் சொல்கிறீர்?