பிச்சையம்மாள் அக்கா மாத்திரை வாங்க வரவில்லை

ஓடைப்பட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பிச்சையம்மாள் அக்காவுக்கு, ராஜாத்தி எழுதிக்கொள்வது. கண் மஞ்சளாகத் தெரிகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

போன் போட்டால் உங்கள் மகள் அனுஷ்காதான் எடுக்கிறாள். “அம்மா தோட்டத்துக்குப் போயிருக்காக” என்கிறாள். அவளிடம் நான் என்ன சொல்வது? அதனால்தான் கடிதம். லோயர் கேம்பில் உங்கள் பக்கத்து வீட்டு மகாலட்சுமி தினமும் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளிக்கு மேலே, இப்போது நீங்கள் இருக்கும் எஸ்டேட் பக்கம் வருகிறாளே, அவளிடம் நாளை கொண்டுபோய்க் கொடுப்பேன். உங்கள் கையில் மட்டும் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் எழுத்துக்கூட்டி வாசிப்பீர்கள் என்று பெரிது பெரிதாக எழுதுகிறேன்.

போன மாதம் க.விலக்கு ஆஸ்பத்திரியில் நம் பெஞ்சில் உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். கேட்டவர்களிடம் எல்லாம் ஆள் வருது, ஆள் வருது என்றேன். கூட்டம் முழுக்கக் கலைந்தும் நீங்கள் வரவில்லை. அக்கா மாத்திரையையும் நானே வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, “ஆள் வரணும்மா, ரத்தம் பார்க்கணும்” என்று சொல்லிவிட்டார்கள்.

மனசு கேட்காமல் லோயர் கேம்புக்குப் பஸ் ஏறினேன். வீடு பூட்டிக் கிடந்தது. அனுஷ்காவை உங்கள் அண்ணன் மகன் தங்கப்பாண்டிக்கே பேசி முடித்துவிட்டதாகவும், கல்யாணம் வரை எஸ்டேட்டில் அண்ணன் வீட்டில்தான் இருப்பீர்கள் என்றும் மகாலட்சுமி சொன்னாள். அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அவள், “மாத்திரை டப்பாவ இங்கனயே வச்சிட்டுப் போயிட்டாக. மதினி பாத்தா என்ன ஏதுன்னு கேக்கும், கல்யாணம் முடியட்டும்னாக” என்றாள். என்ன மாத்திரை என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அங்கேயே உங்கள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மாதம் டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஹெபடைடிஸ் பி கிருமி மாத்திரைக்கு அடங்கிக் கிடக்குமே தவிர, விட்டுப் போகாதாம். நாமாக நிறுத்தினால் திரும்பக் கிளம்பி, கல்லீரலை ஒரேயடியாகக் கெடுத்துவிடுமாம். “நல்லாத்தானே இருக்கோம்னு தோணும்போதுதான் நிறுத்துறாங்க” என்று வருத்தப்பட்டார்கள். மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கிய காலத்தில், சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று ஒருநாள் விட்டு ஒருநாள் முழுங்கினோம். இப்போது சும்மா கொடுக்கிறார்கள், முழுங்கப் பயப்படுகிறோம்.

இன்னொன்றும் கேட்டார்கள். உங்கள் பெண்ணுக்கு ரத்தம் பார்த்தாயிற்றா என்றார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குப் பிறக்கும்போதே வந்திருக்கலாமாம். இருந்தாலும் கல்யாணத்துக்குத் தடையில்லை, மாப்பிள்ளைக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுவிடலாம், நாளைக்குப் பிறக்கும் குழந்தையையும் காப்பாற்றிவிடலாம் என்றார்கள். தெரிந்தால்தானே அக்கா, இதெல்லாம் செய்ய முடியும்?

வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. நான் சொன்னதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் பார்த்து, யாருக்கும் இல்லை என்று வந்து, ஊசியும் போட்டாயிற்று. சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று டாக்டரம்மா மருமகள் யுவராணியிடமே சொன்னார்கள். அப்படியும் என் மகன், “டாக்டர் சொல்றது சரிதாம்மா. ஆனாலும் பிள்ளைக இருக்குல்ல” என்றான். இன்னும் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமை ஒட்டிய அறையில்தான் இருக்கிறேன். யுவராணி சமையலில் குறை சொல்ல முடியாது. தூக்குவாளியைக் கதவில் மாட்டிவிட்டு, “அத்தே, வச்சிருக்கேன்” என்று குரல் கொடுப்பாள். நான் எழுந்து வருவதற்குள் போயிருப்பாள். திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்ட ஆள் வந்தால் பேச்சுச் சத்தம் கேட்கும். இல்லாத நாளில் ரேடியோதான். இந்த வருஷம் முழுக்க ஒரு ஆளோடு பக்கத்தில் உட்கார்ந்து நான் குடித்த டீ, க.விலக்கில் உங்களோடு குடித்ததுதான்.

அப்படி இருந்தும் சொல்கிறேன் அக்கா, சொல்லிவிடுங்கள். ஊருக்கு வேண்டாம், மதினிக்கும் இப்போது வேண்டாம். அனுஷ்காவிடம் மட்டும் சொல்லுங்கள். படித்த பிள்ளை, அவளே அப்புறம் பேசிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குமுளி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். கல்யாணத்துக்குச் சாமான் வாங்க என்று சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு இறங்கி வாருங்கள். குமுளியில் கேரளாப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் இதே மாத்திரை காசில்லாமல் கிடைக்குமாம். இனி மாதாமாதம் க.விலக்கு வரை நீங்கள் அலைய வேண்டாம். நான் தனியாக இருப்பேனே என்று நினைத்துச் சீட்டை வாங்காமல் இருந்துவிடாதீர்கள். எனக்குப் பழகிவிட்டது.

கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்க வேண்டாம். யார், எப்படிப் பழக்கம் என்று கேட்டால் உங்களுக்குச் சங்கடம். பொண்ணும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். அவர்கள் பிள்ளைகளை நீங்கள் மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டும். அதற்காகவாவது வந்துவிடுங்கள் அக்கா.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும் தங்கச்சி,
ராஜாத்தி.