டிரெய்லரின் எர்த் ஒயர்

ஏங்க,

உங்கள எழுப்ப மனசு வரல. தம்பி சகாயத்தைப் பார்க்க பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போறேன். இன்னைக்கு அவன் காலை வெட்டி எடுக்குறாங்க.

"லைட் இல்லாத உப்பு வண்டிய ஓட்டிட்டுப் போயி, பைக்ல பின்னாடி வந்த என் தம்பியை மோத வெச்சுட்டீங்க"ன்னு நேத்து உங்களைப் பேசினேன். "எரிஞ்சுதுடி, பார்த்துட்டுத்தான் கிளம்பினேன்"னு சொல்லிட்டு சாப்பிடாமப் படுத்துட்டீங்க.

விடிஞ்சதும் டிராக்டர்ல சாவியைப் போட்டுப் பார்த்தேன். டிரெய்லர் பின்லைட் ரெண்டும் நல்லாத்தான் எரிஞ்சுது. பிரேக் மேல கல்லைத் தூக்கி வெச்சுட்டுப் பின்னாடி போனா, ரெண்டும் அணைஞ்சு கிடக்குது. நீங்க ரிப்பேர் பார்க்குறப்ப பார்த்திருக்கேனே, அதே மாதிரி பேட்டரி மைனஸ்லேருந்து தனி ஒயர் இழுத்து டிரெய்லர் இரும்புல வெச்சேன். உடனே எரிஞ்சுது. கரண்ட் திரும்பிப் போற எர்த் ஒயரை மாட்டுற போல்ட்டை உப்பு தின்னுடுச்சுங்க. பார்க்க டைட்டா இருக்குது, கை வெச்சா உதிருது. பின்லைட்டுக்கு மட்டும் தாங்குது, பிரேக் லைட்டும் சேர்ந்தா தாங்கல.

நீங்க பொய் சொல்லல. நீங்க பிரேக் புடிச்ச நேரத்துலதான் லைட் போயிருக்குது. அவன் கண் முழிச்சதும் நானே சொல்றேன்.

நீங்க இன்னைக்கு அங்க வராதீங்க. அம்மா வார்டு வாசல்லயே உக்காந்திருக்காங்க, உங்களைப் பார்த்தா தாங்க மாட்டாங்க.

கஞ்சி அடுப்பு மேல இருக்குது. சாப்பிடுங்க.

ரெஜினா

புது எர்த் மாட்டாம வண்டிய எடுக்காதீங்க. மாட்டினாலும் இன்னைக்கு வேணாம்.

கோபம் இன்னும் போகல. இனிமே அதை யார் மேல காட்டுறதுன்னுதான் தெரியல.