வாசல் காத்த சடையன்

டுலுத், மின்னசோட்டா
18-11-1984

அன்புள்ள அக்காவுக்கு,

மூர்த்தி எழுதுவது. இங்கே நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எப்போதும் பத்து வரியில் முடித்துவிடுகிறேன் என்று குறைபட்டுக்கொள்வாய். இந்த முறை நீளமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. சிரிக்காதே.

பனி விழ ஆரம்பித்துவிட்டது. காகித மில்லில் என்னோடு வேலை செய்யும் மூன்று பேரும், ஊர் நூலகத்தில் இருக்கும் ஹாரியட் என்ற அம்மாளும் சனிக்கிழமை தோறும் என் அறைக்கு வருகிறார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதை ஆட்டம் ஆடுகிறோம். சீட்டும் இல்லை, காயும் இல்லை. ஒருவன் வீரன், ஒருவன் வைத்தியன், ஒருவன் திருடன், ஹாரியட் மந்திரக்காரி. வேஷம் கட்டுவதெல்லாம் வாயால்தான். கதையை நடத்துகிறவன் நான். வழியில் வருகிற எதிரி, பேய், ராஜா எல்லாம் நானே. வீசிய வாள் பட்டதா இல்லையா என்று இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். அது விழுந்தால் விழுந்ததுதான். யாரும் மாற்றக் கூடாது.

கதைக்கு ஒரு வில்லன் வைத்தேன். மலைக் கணவாயில் கருங்கோட்டை, அதில் இருட்டு அரசன். உலகத்தை ஆள ஆசைப்பட்டுக் கணவாயை மூடிவிட்டான். போன சனிக்கிழமை அவனைப் பற்றிச் சொல்லும்போதே ஒருவன் கொட்டாவி விட்டான். ஹாரியட், "அவன் ஏன் கெட்டவன்? சும்மாவா?" என்றாள். நான் பகடையை உருட்டிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

இப்படியே போனால் இவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். அக்கா, என் அறைக்கு ஆள் வருவது வாரத்தில் அந்த ஒரு நாள்தான். வகுப்பில் பிள்ளைகளைக் கொட்டாவி விடாமல் உட்கார வைத்தே காலம் தள்ளியவள் நீ. இந்த வில்லனை மாற்றி எழுதித் தா.

உன் தம்பி
மூர்த்தி


திருவண்ணாமலை
14-12-1984

சிரஞ்சீவி மூர்த்திக்கு,

அக்காவின் ஆசியும் முழங்கால் வலியும் குறையாமல் இருக்கின்றன.

தீபக் கூட்டம் வடிந்து இப்போதுதான் தெருவில் நடக்க இடம் கிடைத்திருக்கிறது. மாடி அறையில் இருந்த ஜெர்மன்காரர் தீபம் பார்த்த மறுநாளே காலி செய்துவிட்டார். அவர் இருமுவது கீழே கேட்கும். இப்போது அதுவும் இல்லை.

உன் கடிதத்தை அடுத்த வீட்டு ஆதிலட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். "ஏன் டீச்சர், இம்மாந்தூரம் போயி பொம்மை வெளாட்டா வெளாடுறாரு உங்க தம்பி?" என்றாள். கொஞ்ச நேரம் பூவைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அது சரி, கோட்டையில கீறானே அந்தப் பாவி, அவனுக்கு சோறு யாரு ஆக்கிப் போடுறாங்க?" என்று கேட்டாள்.

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. உன் அரசனுக்குப் படை இருக்கிறது, சமையல்கட்டு இல்லை. அதனால்தான் கொட்டாவி வருகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் பக்கத்துக் கூத்தில் கெட்ட ராஜா எப்படி வருவான்? கீழ்பென்னாத்தூரில் என் மடியில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறாய். எடுத்த எடுப்பில் குதித்து வரமாட்டான். இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் அவன் நிற்பான், கிரீடம் மட்டும் தெரியும். கட்டியக்காரன் கோமாளித்தனம் செய்துகொண்டே, "திரைக்குள்ளே நிக்கிறது யாரு? எந்த ஊரு? பேரு என்ன?" என்று கேட்பான். கேட்ட பிறகுதான் ராஜா வாய் திறந்து தன் கதையைத் தானே பாடுவான். தன் வாயால் சொல்லும்போது எவனும் கெட்டவன் இல்லை. ஒருவரும் கேட்காவிட்டால் விடிகிறவரை அவன் திரைக்குப் பின்னாலேயே நிற்க வேண்டியதுதான்.

வகுப்பிலும் அப்படித்தான். பென்சில் திருடின பிள்ளையை "ஏன்டி எடுத்தே?" என்று கேட்டால் அழுவாள். "காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேட்டால் கதை வரும்.

முதலில் உன் ஆளுக்கு ஒரு பேர் வேண்டும். சடையன் என்று வை. அவன் அரசன் வேண்டாம். கணவாயின் வாசலைக் காப்பவன். கதவைத் திறப்பதும் மூடுவதும் வேலை. தானே உலை வைத்துத் தானே சாப்பிடுகிறான். ஆனால் தினமும் இரண்டு இலை போடுகிறான். இரண்டாவது இலை யாருக்கு என்று இப்போது சொல்லமாட்டேன். உன் ஆட்கள் கேட்கட்டும். கேட்டால் எழுது.

அக்கா
ரேணுகாம்பாள்


டுலுத்
20-1-1985

அன்புள்ள அக்காவுக்கு,

ஒருவனும் கொட்டாவி விடவில்லை! இலை என்றால் இவர்களுக்குப் புரியாது என்று தட்டு என்று சொன்னேன். கோட்டைக்குள் ரகசியமாக நுழைந்தவர்கள் இரண்டு தட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். திருடன் வேஷக்காரனுக்குப் பசி. இரண்டாவது தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டான். சடையன் கதவோரம் நின்று பார்த்தான், வாளை எடுக்கவில்லை. பனிப்புயல் அடித்த சனிக்கிழமைகூட நான்கு பேரும் வந்தார்கள்.

அந்தத் தட்டு யாருக்கு? கதவை ஏன் மூடினான்? சீக்கிரம் எழுது. மில்லில் ஒரு பிரிவை மூடப் போகிறார்கள். எங்களில் இரண்டு பேர் மே மாதம் டெக்சாஸ் போகிறார்கள். அதற்குள் சடையனைக் கொன்று கணவாயைத் திறந்தால்தான் கதை முடியும்.

பொங்கலுக்கு வாழ்த்து எழுதவே மறந்துவிட்டேன். கோவித்துக்கொள்ளாதே. இந்தக் கோடையில் கண்டிப்பாக வருகிறேன்.

மூர்த்தி


திருவண்ணாமலை
11-2-1985

சிரஞ்சீவி மூர்த்திக்கு,

நீ கோடையில் வருவதாக எழுதியதை ஆதிலட்சுமியிடம் சொன்னேன். "வருசா வருசம் இதைத்தானே டீச்சர் எழுதுறாரு" என்றாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி. பொங்கலுக்கு அவள்தான் கரும்பும் பொங்கலும் கொண்டுவந்து தந்தாள், அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

சடையன் கதைக்கு வருகிறேன். கணவாயைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் அவனிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்கள். என்ன சொல்லிக்கொண்டு? "போய் வருகிறேன்." நம்மில் யாரும் வாசலில் நின்று "போகிறேன்" என்று சொல்வதில்லை. சாவு வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவோம். கடைக்குப் போகிறவனும் அதையே சொல்கிறான், கடல் தாண்டிப் போகிறவனும் அதையே சொல்கிறான். கேட்கிறவர்களும் "சரி, வாங்க" என்று தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

சடையன் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொருவரும் சொன்னதை வாக்கு என்று நம்பினான். திரும்பி வருகிறவன் பசியோடு வருவானே என்று ஒரு இலை கூடப் போட்டான். இதில் அழுகை எதுவும் சேர்க்காதே. தினமும் இலை போட்டான், தினமும் எடுத்தான், அவ்வளவுதான். ஒரு நாள் கதவை மூடிவிட்டான். இனிமேல் யாரும் சொல்லிக்கொண்டு போக வேண்டாம், உள்ளே இருக்கிறவர்கள் உள்ளேயே இருக்கட்டும் என்று.

அது கொடுமைதான். உள்ளே அடைபட்டவர்களுக்கும் எங்கோ ஒரு வீட்டில் இலை போட்டிருக்கும். அதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. அதனால் அவன் வில்லன். தப்பைக் குறைத்துச் சொல்லாதே.

மே மாதத்துக்குள் கொல்ல வேண்டும் என்கிறாய். என்ன அவசரம்? அவனுக்கு ஒரு தங்கை உண்டு. அவளைப் பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கோட்டைக்குப் பின்னால் ஒரு சுனை இருக்கிறது, அதற்குத் தனிக் கதை. நீ நீளமாக எழுதினால் நானும் நீளமாக எழுதுவேன். சாயங்காலம் பொழுது போகிறது.

அக்கா
ரேணுகாம்பாள்


டுலுத்
19-5-1985

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. தங்கைக்கும் சுனைக்கும் நேரம் கிடைக்கவில்லை.

கடைசி ஆட்டத்தில் ஹாரியட் சடையனைப் பார்த்து, நீ யார் என்று கேட்டாள். நீ எழுதியதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன்.  பிறகு திருடன் வேஷக்காரன், "அப்படியானால் சுலபம்" என்றான். அவர்கள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே போனார்கள். அவன் சடையனிடம், "கதவைத் திற. நாங்கள் போய் வருகிறோம்" என்றான்.

பொய் என்று சடையனுக்குத் தெரிகிறதா என்று பகடை போட்டேன். பெரிய எண் விழுந்தால் தெரிந்துவிடும். அது விழ வேண்டும் என்று, சிரிக்காதே, நம் ஊர் மலையை நினைத்துக்கொண்டேன். மூன்று விழுந்தது. மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

சடையன் தன் கையாலேயே கதவைத் திறந்தான். திறந்துவிட்டு, "திரும்பி வரும்போது எத்தனை பேர்? எத்தனை இலை போட?" என்று கேட்டான். அது நீ எழுதியதல்ல. என் வாயில் தானாக வந்தது. கேட்டுவிட்டு அவன் உள்ளே திரும்பியபோது முதுகில் வாள் இறங்கியது.

யாரும் கைதட்டவில்லை. திருடன் வேஷக்காரன் எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டான்.

மற்றவர்கள் போன பிறகு ஹாரியட் மேல்கோட்டு மாட்டிக்கொண்டே கேட்டாள். "இவனை எழுதியது யார்?" என் அக்கா என்றேன். "நீ ஊரை விட்டு வந்தபோது அவளிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாய்?"

அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் உன்னிடம் சொன்னேன், அக்கா.

இரண்டு பேர் டெக்சாஸ் போய்விட்டார்கள். நேற்று சனிக்கிழமை. பகடையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். யாரும் வரவில்லை. சடையனுக்காக அழ யாராவது உண்டா என்று ஹாரியட் கேட்டிருந்தாள். நீதான் சொல்ல வேண்டும்.

மூர்த்தி


திருவண்ணாமலை
10-6-1985

சிரஞ்சீவி மூர்த்திக்கு,

உன் கடிதம் வந்த வாரம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் கூத்தின் கடைசி நாள், படுகளம். ஆதிலட்சுமியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தேன்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. கெட்ட ராஜாவை மண்ணாலேயே செய்து, ஒரு வீட்டளவுக்குத் தரையில் படுக்க வைத்திருப்பார்கள். ஊரே மண் சுமந்து அவனைச் செய்யும். மீசை வரைந்து, சாயம் பூசி, கண் திறப்பார்கள். பிறகு வேஷக்காரன் வந்து தொடையில் குத்துவான், சிவப்புத் தண்ணீர் பீறிடும், ஜனங்கள் கூச்சல் போடுவார்கள். அத்தோடு முடியாது. பெண் வேஷம் கட்டினவர் மண்ராஜாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார். பக்கத்தில் நிற்கிற பெண்களும் முந்தானையை எடுத்துக்கொள்வார்கள். அவன் கெட்டவன் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் அழ ஒருத்தி இல்லாமல் படுகளம் முடியாது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சடையன் செத்ததைச் சொன்னேன். "அடப்பாவிங்களா, எத்தினி இலைன்னு கேட்டவனையா?" என்று ஆதிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹாரியட்டிடம் சொல், அழ ஆள் இருக்கிறது.

ஒப்பாரி முடிந்ததும் ஆளாளுக்கு அந்த ராஜாவின் மண்ணைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். நிலத்தில் போட்டால் விளையும், நெல் குதிரில் போட்டால் குறையாது என்பார்கள். நானும் ஒரு பிடி எடுத்தேன். எனக்கு நிலமும் இல்லை, குதிரும் இல்லை. காகிதத்தில் மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒரு ஆளுக்கு ஆக்குகிற அரிசி, அது குறைந்தால் என்ன, குறையாவிட்டால் என்ன.

உன் நண்பர்கள்மேல் தப்பு இல்லை. ஒரு வழி தெரிந்தது, போனார்கள். நீயும் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. வாசலில் நின்று "போறேன்க்கா" என்றா சொல்லுவாய்? அது நம் வழக்கம். நான் சடையன் இல்லை. எனக்கு வித்தியாசம் தெரியும்.

மாடி அறையை ஆசிரமத்துக்கு வந்த ஒருவர் ஆறு மாசத்துக்குக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். கோடை இன்னும் முழுசாக முடியவில்லை அல்லவா.

கதை முடிந்துவிட்டது. இனி நீளமாக எழுத உனக்குக் காரணம் இல்லை. பத்து வரி போதும். நீ நன்றாக இருக்கிறாய் என்பது பத்து வரியிலேயே தெரிந்துவிடும்.

அக்கா
ரேணுகாம்பாள்


டுலுத்
7-7-1985

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன் என்று இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. அந்த வார்த்தையை இனி டிக்கெட் கையில் இருக்கும்போதுதான் எழுதுவேன். மாடி அறையைக் கேட்டவருக்கே கொடுத்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன். அதையும் எழுத முடியவில்லை.

நேற்று ஹாரியட் வந்தாள். திருடன் வேஷக்காரனும் வந்தான். புதுக் கதை வேண்டுமாம். இந்த முறை வில்லன் வேண்டாம் என்றார்கள். சடையனை எழுதினாளே, அவளைக் கேள் என்றார்கள்.

ஊருக்கெல்லாம் நீ டீச்சர். எனக்கு அக்கா. அதற்கு மேல் நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டதே இல்லை.

உனக்காகத் திரையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அவசரமில்லை, எவ்வளவு நீளமானாலும் சரி.

திரைக்குள்ளே நிக்கிறது யாரு? எந்த ஊரு? பேரு என்ன?

மூர்த்தி