படுக்கையறைத் திரை

பாப்பா அப்பாவுக்கு,

வக்கீல் அனுப்பின விவாகரத்துக் காகிதத்துல கையெழுத்துப் போட்டு இத்தோட வெச்சிருக்கேன். மூணு இடத்துலயும் போட்டாச்சு, சரிபார்த்துக்கோங்க. உங்க ஸ்வெட்டரைப் பாப்பாகிட்ட குடுத்தனுப்பறேன்.

அவ என்னைப் பெல்லி டான்ஸ் வகுப்புல சேர்த்துவிட்டிருக்கா. இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு கேப்பீங்க. இனிமே கேக்க முடியாதுல்ல. பருவத்துக்கு ஒரு பொருளை வெச்சு ஆடச் சொல்லித்தர்றாங்க. கோடைக்கு விசிறியாம், இப்போ குளிருக்கு நீளமான துணி. வீட்டுலேர்ந்தே கொண்டு வரலாம்னாங்க. நான் நம்ம படுக்கையறைத் திரையைக் கழட்டி எடுத்துட்டுப் போனேன்.

நைட் ஷிப்ட் முடிச்சு வந்து நீங்க பகல்ல தூங்கணும்னு ரெண்டு மடிப்பா நான் தெச்ச திரை. காத்துல விலகக் கூடாதுன்னு அடி ஓரத்துல ஈயக் குண்டு வேற கோத்திருந்தேன். அது சுத்தமா மறந்துபோச்சு. முதல் சுத்துலயே முழங்கால்ல நங்குன்னு அடிச்சுது.

"அக்கா, இது பறக்கற துணி இல்ல, வெளிச்சத்தை அடைக்கற துணி"ன்னு டீச்சர் சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு நினைக்கிறேன். வலிகூட வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

அப்புறம் டீச்சர் தன்னோட மெல்லிசுத் துணியைக் குடுத்தாங்க. தலைக்கு மேல வீசிட்டு, அது இறங்கற வரைக்கும் அசையாம நிக்கணுமாம். அது மட்டும் எனக்கு நல்லா வருது.

திரையை மறுபடி மாட்டலை. காலையில வெயில் நேரா உங்க தலையணை மேல விழுது. முகத்தைத் திருப்பிக்கத்தான் ஆளில்லை.

இப்படிக்கு,
பாப்பா அம்மா