காலையில் காலியாகும் கிண்ணம்

அன்புள்ள அம்மாவுக்கு எஃபி வணக்கத்துடன் எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? கடற்காற்றில் வெளியே நிற்காதே. நான் நலம்.

நான் வேலைக்கு வந்திருக்கும் இந்த டன்கார்வி கோட்டையை ஒரு பேய் காவல் காக்கிறதாம். அந்தக் காலத்து முற்றுகையில் ராஜாவின் படையைக் கதவருகே அண்டவிடாமல் விரட்டியதும் அதுதானாம். அதற்குக் கூலியாக மாலைதோறும் அடுப்படிக் கல்லில் ஒரு கிண்ணம் பால் வைக்கிறோம். பால் மிஞ்சிக் கிடக்கும் காலையில் கோட்டை கைமாறிவிடும் என்று பேச்சு. இதுவரை மிஞ்சியதில்லை.

எனக்குச் சமையற்காரி கெடஸ் மேல்தான் சந்தேகம். கேட்டதற்கு, "ஏண்டி தீவுக்காரி, எனக்குப் பால்னாலே குமட்டும். பேய்கிட்ட வம்பு வளர்க்காத!" என்று சீறினாள். நான் விடவில்லை. கிண்ணத்தின் விளிம்பில் அடுப்புக்கரியைத் தடவி வைத்தேன்.

மறுநாள் ஓட்ஸ் கஞ்சி கொண்டுபோனால், கோட்டைக்குச் சொந்தக்காரியான கிழச் சீமாட்டியின் மேலுதட்டில் கரி! கைத்துண்டை நீட்டினேன். துடைத்துக்கொண்டே, "கெடஸ்கிட்ட சொல்லிடாத கண்ணு. பேய் போயிடுச்சுன்னு தெரிஞ்சா இங்க யாரு இருப்பா?" என்றார்.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கூடவே நீ சுட்ட ஓட்ஸ் ரொட்டியும். இங்கே சுடுவதை வாயில் வைக்க முடியவில்லை.

அம்மா, அப்பாவின் படகு திரும்பாத குளிர்காலம் முழுக்க, அவருக்கென்று நாம் ஜன்னலில் வைத்த பால் காலையில் காலியாகவே இருந்தது. "பாத்தியா, அப்பா வந்துட்டுப் போயிருக்காரு" என்பாய். உனக்குப் பால் பிடிக்காது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

தபால்காரர் வந்துவிட்டார். இதற்குப் பதில் எழுத வேண்டாம், காலுறை போதும்.

உன் எஃபி